மடியில் கனம்

‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்று எங்கள் முதியோர் சொல்லிவைத்தார்கள். காசையும் நகையையும் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு, கள்வர் நடமாடும் காட்டுவழியால் கால்நடையாகப் போன காலத்துப் பேச்சு அது. அரபுநாட்டு மலைவழிகளில் நடக்கப் புறப்படுபவருக்கு இதனைத் திருப்பித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே மடியில் கனம் இல்லாதவனுக்கே பயம். அந்தக் கனம் காசல்ல, தண்ணீர்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் எம்மவர் குடும்பங்களிலே, வளைகுடா நாடுகளில் ஒரு தம்பியோ மைத்துனரோ பெறாமகனோ இல்லாத குடும்பம் குறைவு. ஊருக்குப் போகமுடியாத நிலையிலிருந்த பலர் தம் உறவுகளைக் கண்டு கதைக்கும் இடமாகவும் டுபாய் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. முன்பெல்லாம் புறப்படுமுன் “என்ன கொண்டுவர?” என்று கேட்டால் சொக்கிளேற் என்றும் விற்றமின் குளிசை என்றும் பதில் வரும். இப்பொழுது ஓட்டச் சப்பாத்து என்றும், இடுப்பிலே கட்டுகிற தண்ணீர்ப்பை என்றும் பதில் வருகிறது. 2017 ஆம் ஆண்டு முதல் டுபாய் அரசு ஆண்டுதோறும் ஒரு மாதத்தை உடற்பயிற்சிக்கென ஒதுக்கிவருகிறது; இப்பொழுது அதன் ஒரு பகுதியாக ஷேக் சாயித் பெருஞ்சாலையில் வாகனங்களை நிறுத்தி மக்களை ஓடவிடுகிறது. ஹத்தாவிலும் ராஸ் அல் கைமாவிலும் மலைப்பாதைகள் அமைத்து அடையாளம் இட்டிருக்கிறார்கள். சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் நாற்பது வயதிலேயே எட்டிப் பார்க்கின்ற எம்மவர் பலர் இவற்றால் நன்மை அடைந்திருக்கிறார்கள் என்பதை நான் நேரிலே கண்டேன். இந்தத் தண்ணீர்ப்பையைத் தெரிவதிலே நான் விட்ட பிழை ஒன்றையும் அங்கேதான் நேரிலே கண்டேன்.

சார்ஜாவில் பதினான்கு ஆண்டுகளாகக் குளிரூட்டிக் குழாய் பொருத்தும் வேலை செய்யும் என் மைத்துனருக்கு, கடந்த தை மாதத்தில் நான் கொண்டுபோன அன்பளிப்பு ஒரு இடுப்பு நீர்ப்பை. மலிவு விற்பனையில் வாங்கியது. ஒன்றரை லீற்றர் கொள்ளும், பார்வைக்கு உறுதியானது, இரண்டு போத்தல்கள் முதுகுப்புறம் செருகியிருக்கும். கொள்ளளவைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். இவ்வளவு நீர் கொள்ளும்போது வேறென்ன பார்க்கவேண்டும் என்ற எண்ணம்.

அவருக்கு ஓய்வுநாளான ஞாயிறன்று நாங்கள் இருவரும் ராஸ் அல் கைமாவின் தென்பகுதியிலுள்ள ஷவ்காவுக்குப் போனோம். ஹஜர் மலைத்தொடரின் அடிவாரம் அது. ஒரு சிறு அணைக்கட்டும், அதனைச் சுற்றி வறண்ட ஆற்றுப் படுக்கைகளும், அவற்றை அரபியில் ‘வாதி’ என்பார்கள், கருங்கபில நிறப் பாறைக் குன்றுகளும் உண்டு. அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலின் அடித்தளமாக இருந்து, நிலத்தட்டுகளின் மோதலினால் மேலே தள்ளப்பட்டது என்பது புவியியலாளர் கூற்று. நடக்கிறவருக்கு அதன் நிறமே முக்கியம். தை மாதத்தில் கூட, காலை பத்து மணிக்குமேல் கரும்பாறை வெயிலை வாங்கி, கீழிருந்தும் உடலைச் சுடத் தொடங்கிவிடும். வெப்பமானி இருபத்தைந்து பாகையைத்தான் காட்டும். நாங்களும் அதை நம்பித்தான் ஏறினோம்.

மூன்று மணித்தியாலம் நடந்தபின், இறக்கத்தில், மைத்துனர் ஒரு கல்லிலே குந்திவிட்டார். முகம் வெளிறியிருந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது. தலை சுற்றுகிறது என்றார். என்னிடமிருந்த தண்ணீர் முடிந்துவிட்டது. அவருடைய பையைத் தடவிப் பார்த்தேன். ஒரு போத்தல் திறக்கப்படவேயில்லை. மற்றதிலே பாதிக்கு மேல் கிடந்தது.

“தம்பி, நீ தண்ணி குடிக்கேல்லையோ?”

“இல்லை அத்தான். கீழை இறங்கினாப்போலை குடிப்பமெண்டு இருந்தன்.”

இடுப்பிலே ஒரு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கட்டிக்கொண்டு தாகத்திலே சாய்ந்த மனிதரை அன்றுதான் கண்டேன். நிழலில் இருத்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்து, முக்கால் மணித்தியாலத்தின் பின் மெல்ல இறங்கினோம். பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு அவரது அறையில் அந்தப் பையை மேசையில் வைத்து இருவரும் ஆராய்ந்தபோது, குடியாததற்குக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. போத்தல்கள் முதுகுப்புறம் நேராகச் செருகப்பட்டிருந்ததால், எடுக்கவேண்டுமானால் கையை முறுக்கவேண்டும், திரும்பச் செருகவேண்டுமானால் நிற்கவேண்டும். மூடி திருகுமூடி, இரண்டு கையும் வேண்டும். முதல் மிடறு குடித்தபோதே தண்ணீர் தேநீர்ச் சூட்டில் இருந்ததாம். இவை பையின் குறைகள். நாலாவது காரணத்தை அவர் சற்றுத் தயங்கியே சொன்னார். வேலைத்தளத்திலே கழிப்பறை கீழ்த்தளத்தில். இருபதாம் மாடியில் நிற்பவர் தண்ணீர் குடித்தால் இறங்கவேண்டும். இறங்கினால் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே குடியாமல் இருக்கப் பழகிவிட்டார். பதினான்கு ஆண்டுப் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விட்டுப்போய்விடுமா?

பையிலே எவ்வளவு கொள்ளும் என்பது விற்பவருடைய கணக்கு. திரும்பி வரும்போது அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கட்டுபவருடைய கணக்கு. இதை அறியாமல் வாங்கிய என் அன்பளிப்பு, அவர் இடுப்பில் ஒன்றரைக் கிலோ வீண்சுமையாகவே இருந்தது.

தாகம் என்பது உடல் அனுப்பும் தந்தி. அது சற்றுப் பிந்தியே வந்து சேரும். உடல் நிறையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு நீர் குறைந்தபின்னரே பலருக்கு நாக்கு வறளத் தொடங்குகிறது. வயது ஏற ஏறத் தந்தி இன்னும் பிந்தும். அதனை ஆண்டுக்கணக்காக அலட்சியம் செய்து பழகியவருக்கு வந்தும் வராததுபோலத்தான். இந்தப் பழக்கத்தின் விலை சிறுநீரகத்திலே எழுதப்படுகிறது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். மத்திய அமெரிக்காவில் கடும் வெயிலில் கரும்பு வெட்டும் இளைஞரிடையேயும், வளைகுடாவிலிருந்து நாடு திரும்பிய நேபாளத் தொழிலாளரிடையேயும் சர்க்கரை வியாதியோ அழுத்தமோ இன்றியே சிறுநீரகம் செயலிழக்கும் நிலை காணப்பட்டு, வெப்பமும் நீரிழப்பும் அதற்கான காரணங்களுள் வைத்து ஆராயப்படுகின்றன. ஆகையால் இது பொழுதுபோக்குச் சாமான் பற்றிய பேச்சு என்று இக்கட்டுரையைத் தள்ளிவிடவேண்டாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டுத் தராசுக்குப் போகவேண்டும். முறை எளியது. ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு முன்னர் உடையின்றி நிறை பார்க்க. ஓடி முடித்து, வியர்வையைத் துவாயால் ஒற்றிவிட்டு, மறுபடி உடையின்றி நிறை பார்க்க. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் நீர். இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளவேண்டும். அறுநூறு கிராம் குறைந்து, முந்நூறு மில்லிலீற்றர் குடித்திருந்தால், மணிக்கு 900 மில்லிலீற்றர் வியர்க்கிறது என்பது கணக்கு. இதனை இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து செய்து பயனில்லை. ஓடப்போகும் இடத்தில், ஓடப்போகும் பருவத்தில், ஓடப்போகிறவரே செய்யவேண்டும். மணிக்கு அரை லீற்றர் வியர்ப்பவரும் உண்டு, இரண்டு லீற்றர் வியர்ப்பவரும் உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே கூட ஒரே அளவாக இராது.

ஏன் இவ்வளவு வியர்வை என்று கேட்கலாம். ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. எழுபது கிலோ நிறையுள்ளவர் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் எழுநூறு. அதில் முக்கால் பங்குக்கு மேல் அசைவாக மாறாமல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லீற்றர் வியர்வை தோலில் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்று பருமட்டாகச் சொல்லலாம். ஆனால் இது வியர்வை ஆவியானால்தான். ஆவணி, புரட்டாதி மாதங்களில் டுபாய், அபுதாபிக் கரையோரத்தில் காற்று நீராவியால் நிறைந்து, கண்ணாடி அணிந்தவர் வாசலைத் தாண்டியவுடனேயே பார்வையை இழப்பார். அந்நாட்களில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுகிறது. நீரும் போகிறது, சூடும் தணிவதில்லை. உள்நாட்டில் அல் அயின் போன்ற இடங்களில் வெப்பமானி அதிகம் காட்டினாலும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தன் வேலையைச் செய்யும். அங்கே ஆபத்து வேறு மாதிரி. வியர்ப்பதே தெரியாமல் வியர்த்து உலர்ந்துவிடும். சட்டையில் படியும் வெள்ளை உப்புக்கோடுதான் சாட்சி.

இப்படிக் கணக்குப் பார்த்தால் இடுப்பின் எல்லை தெளிவாகிவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இடுப்பு ஓடிக்கொண்டே சுமக்கக்கூடியது ஒரு லீற்றர், நடந்துகொண்டு சுமக்கக்கூடியது ஒன்றரை லீற்றர். அதற்குமேல் வைத்தால் பை கீழே சரியும் அல்லது வயிற்றை இறுக்கும். ஒன்றரை லீற்றர் என்பது தை மாதத்தில் இரண்டு, இரண்டரை மணித்தியால மலைநடைக்கும், சித்திரையிலோ ஐப்பசியிலோ ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கும் போதும். அதற்கு நீண்ட வழி என்றால் இடுப்புப்பையை மறந்து, மூன்று லீற்றர் கொள்ளும் முதுகுப்பையை நாடவேண்டும். ஓமானில் 3,000 மீற்றர் உயர ஜபல் ஷம்ஸ் மலைக்குப் போகிறவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது தற்கொலைக்குச் சமம்.

அப்படியென்றால் எல்லோருமே முதுகுப்பை வாங்கிவிடலாமே என்று தோன்றும். முதுகுப்பை முதுகை மூடுகிறது. அவ்வெப்ப நாடுகளில் முதுகு என்பது உடலின் பெரிய சாளரம். வியர்வை ஆவியாவதற்கு அகன்ற இடம் அதுவே. அதைப் பிளாஸ்ரிக் பையால் அடைத்துக்கொண்டு ஓடுவது, கதவைப் பூட்டிவிட்டு விசிறியைப் போடுவதுபோல. குறுந்தூர ஓட்டத்துக்கும் காலை நடைக்கும் இடுப்பே சிறந்தது. மார்பை அழுத்தும் வார்கள் இல்லாததால் பெண்கள் பலரும் இதனையே விரும்புகின்றனர்.

இனி வகைகள். நீளமான இழுபடும் துணிப்பட்டி, அதில் இருநூறு முதல் ஐந்நூறு மில்லிலீற்றர் வரை கொள்ளும் மென்போத்தல்களைச் செருகுவது ஒன்று. மென்போத்தல் குடிக்கக் குடிக்கச் சுருங்கும், உள்ளே காற்று இராது, ஆகவே ‘களக் களக்’ என்ற ஓசையும் குலுக்கமும் இல்லை. ஓடுபவருக்கு என் முதல் தெரிவு இதுவே. ஆனால் போத்தல்கள் முன்புறம், இரு இடுப்பெலும்புகளுக்கு நேராக, கை விழும் இடத்தில் இருக்கவேண்டும். கடித்து உறிஞ்சும் வாய் வேண்டும், திருகுமூடி வேண்டாம். கெட்டியான சிறுபோத்தல்கள் நாலைச் சுற்றிவரக் கொளுவும் பட்டி இன்னொன்று. அது நீடித்து உழைக்கும், கழுவ எளிது. ஆனால் மூடிகளைத் தொலைப்போம். ஒரே பெரிய போத்தலைப் பின்புறம் சாய்வாகச் செருகும் உறையும் உண்டு. சாய்வாக இருந்தால் வலது கையால் இழுத்து எடுக்கலாம். நான் வாங்கியதுபோல் நேராக இருந்தால் எடுக்கமாட்டோம்.

நடைக்கு ஏற்றது, இடுப்புக்குப் பின்னால் அகலமாகப் படியும் தட்டையான நீர்ப்பையும் அதிலிருந்து முன்னே வரும் குழாயும் உள்ள வகை. கமெல்பாக், ஒஸ்பிரே ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றரை லீற்றர் அளவில் இதனைச் செய்கின்றன. வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. குழாயின் நுனி பட்டியிலேயே காந்தத்தால் ஒட்டி நிற்கும் வகை வசதியானது. தேடாமல் கைக்கு வரும். என் மைத்துனரைப்போல் குடிக்க மறப்பவருக்கும் மறுப்பவருக்கும் குழாய்தான் மருந்து. வாயருகே வந்துவிட்டால் மனம் தடுக்காது.

கமெல்பாக் என்ற பெயருக்கு ஒட்டகத்தின் முதுகு என்பது பொருள். அதன் பிறப்பும் வெயிலிலேதான். 1989 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், விச்சிற்றா ஃபோல்ஸ் நகரில் கொளுத்தும் கோடையில் நடக்கும் நூறு மைல் சைக்கிளோட்டத்திலே பங்குபற்றிய மைக்கேல் எயிட்சன் என்பவர், அவசர மருத்துவ உதவியாளர், நோயாளருக்கு நாளத்தில் ஏற்றும் திரவப்பையில் தண்ணீரை நிரப்பி, அதை நீண்ட காலுறைக்குள் போட்டு முதுகிலே பொருத்தி, குழாயைத் தோளுக்கு மேலால் கொண்டுவந்து, உடுப்புக் காயப்போடும் கௌவியால் அடைத்துக்கொண்டு ஓடினார். அதுவே பெருந்தொழிலாயிற்று. 2003 இல் ஈராக்கினுள் நுழைந்த அமெரிக்கப் படையினரின் முதுகிலும் அந்தப் பைகள் தொங்கின. ஒட்டகத்தின் பெயரைத் தாங்கியது ஒட்டகம் வாழும் நாட்டுக்குப் போன விதம் அப்படி.

ஒட்டகத்தோடு வாழ்ந்தவர்களிடம் வேறொரு பை இருந்தது. ஆட்டுத்தோலை உரித்துப் பதப்படுத்தி, கால்களையும் கழுத்தையும் கட்டிய ‘கிர்பா’ என்னும் நீர்த்தோற்பை. 1946 க்கும் 1948 க்கும் இடையில் இரு தடவை ரூப் அல் காலி என்னும் வெறும்பாலையைக் கடந்த ஆங்கிலேயர் வில்பிரட் தெசிஜர், பெடூயின் தோழரோடு இத்தகைய தோற்பைத் தண்ணீரிலேதான் உயிர்வாழ்ந்தார். தோல் சிறிது கசியும். கசிந்தது ஆவியாகும். ஆவியாகும்போது உள்ளே நீர் குளிரும். எங்கள் வீட்டு மண்பானையின் தத்துவமும் இதுவே. இன்றைய பிளாஸ்ரிக் பை ஒரு துளியும் கசியாது. அது அதன் பெருமை. ஆகவே ஒரு துளியும் குளிராது. அது அதன் குறை. உடற்சூடும் வெயிற்சூடும் இரு புறமும் வாட்ட, அரை மணியில் வெந்நீர் தயாராகிவிடும். சூடான தண்ணீரை மனிதர் குறைவாகவே குடிக்கின்றனர் என்பது பரிசோதனைகளில் கண்ட உண்மை.

இதற்குப் பரிகாரம் உண்டு. முதல்நாள் இரவு பையிலோ போத்தலிலோ பாதியளவு நீரை நிரப்பி, உறைபெட்டியில் படுக்கையாக வைத்து உறைய விடுக. முழுதும் நிரப்பினால் பனிக்கட்டி விரிந்து பையைப் பிளக்கும். காலையில் மீதிப் பாதியைக் குளிர்நீரால் நிரப்புக. உலர்ந்த உட்பகுதிகளில் நடப்பவர் நனைத்த பருத்தித் துணியால் பையைச் சுற்றினால் மண்பானையின் வேலையில் பாதியாவது நடக்கும். ஈரக்காற்று வீசும் கரையோரத்தில் இது பலிக்காது. குழாய் உள்ள பையானால், குடித்து முடிந்ததும் குழாய்க்குள் நிற்கும் நீரை மெல்ல ஊதித் திரும்பப் பைக்குள் அனுப்பிவிடவேண்டும். இல்லாவிடில் அடுத்த முதல் மிடறு நாக்கைச் சுடும்.

அளவு பார்க்கும் விடயத்திலே வெட்கம் கூடாது. எம்மவரில் நாற்பது தாண்டிய ஆண்களுக்கு வண்டி வைத்துவிடுகிறது, எனக்கும் விதிவிலக்கில்லை. வண்டிக்கு மேலே கட்டிய பட்டி மூச்சை அடைக்கும், நடுவிலே கட்டியது உருண்டு மேலேறும். வண்டிக்குக் கீழே, இரு இடுப்பெலும்புகளின் மேற்பகுதியில் படியுமாறு கட்டவேண்டும். அங்கே எலும்பு சுமையைத் தாங்கும். ஊரிலே பனையேறுகிறவர்கள் பாளைக்கத்தியையும் குடுவையையும் அரையிலே எவ்வளவு தாழக் கட்டினார்கள் என்பதைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பட்டி அகலமாகவும், இரு பக்கமும் இழுத்து இறுக்கத்தக்கதாகவும் இருப்பது நல்லது. நனைந்தால் துணி நீளும், ஓடிக்கொண்டே இறுக்கவேண்டிவரும். கடையிலே வெறும் பையைக் கட்டிக் கண்ணாடி பார்ப்பதால் எதுவும் தெரியாது. தண்ணீர் நிரப்பித் தரும்படி கேட்டு, பத்துத் தடவை துள்ளி, படி இருந்தால் ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நீர்ப்பைக்குள் தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதிருப்பது நன்று. சர்க்கரை கலந்த பானம் ஊற்றினால் குழாயின் உட்புறத்தில் இரண்டு நாளில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். வாய் அகன்று கை நுழையத்தக்க பையே கழுவுவதற்கு ஏற்றது. கழுவியபின் வாயை விரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தவேண்டும். உலர்த்த இடமில்லாத நெருக்கமான அறைகளில், எட்டுப்பேர் படுக்கும் அறைகளும் உண்டென்பதை அறிவேன், பையை உறைபெட்டியிலேயே வைத்துவிடலாம். பூஞ்சணம் அங்கே வளராது.

உப்பைச் சிறு போத்தலில் தனியாகக் கொண்டுபோகவேண்டும். நம்மவர்க்கு அறிமுகமான ‘ஜீவனி’ப் பொதியே போதும். 2002 இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய முறைப்படி இத்தகைய கரைசலின் ஒரு லீற்றரில் 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், இவற்றோடு பொற்றாசியம் குளோரைட், சிற்றேற் உப்புக்களும் இருக்கும். இளநீரில் பொற்றாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியமோ குறைவு. ஆகவே அது மட்டும் போதாது. ஓடி முடிந்தபின், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் ‘லபன்’ மோரில் சிறிது உப்பிட்டுக் குடிப்பது எங்கள் வாய்க்கும் ஒத்துவரும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்கள், அம்மருந்துகளில் சில நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தன்மையுடையவை ஆதலால், வெயிலில் ஓடுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம். உப்பைப் பற்றியும் அவரையே கேட்கவேண்டும்.

குடியாமல் விழுகிறவர்களைப் பற்றியே சொல்லிவந்தேன். குடித்து விழுகிறவர்களும் உள்ளனர். 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் ஓட்டத்தை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓட்டத்திலே நிறை குறைவதற்குப் பதிலாக நிறை கூடியவர்களிடமே இது மிகுதி. தண்ணீரை மட்டும் மிதமிஞ்சிக் குடித்ததன் விளைவு. வெப்பத்தில் தொழில் புரிவோர் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை குடிக்கவேண்டும் என்றும், மணிக்கு ஏறத்தாழ 1.4 லீற்றரைத் தாண்டக்கூடாது என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் கூறும் அளவு ஓடுபவருக்கும் ஏற்ற எல்லையே.

எந்தப் பையாலும் வெல்லமுடியாத பருவம் ஒன்று உண்டு. 2016 யூலை 21 இல் குவைத்தின் மிற்றிபாவில் 53.9 பாகை பதிவாயிற்று. 2024 யூன் மாத ஹஜ் யாத்திரையின்போது மெக்காவில் வெப்பம் ஐம்பது பாகையைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிப்பத்திரம் இன்றி வந்து, நிழலோ தங்குமிடமோ இன்றி நேர்வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அவ்வறிவிப்பே கூறிற்று. பத்திரம் இல்லாதவனுக்கு நிழலும் இல்லை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

வைகாசி முதல் புரட்டாதி வரை மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. ஓடுவதானால் விடியுமுன் ஓடவேண்டும், அதுவும் குறுகிய தூரம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கச் சட்டம் தடை செய்கிறது. கட்டாரில் 2021 முதல் யூன் தொடக்கம் செப்டெம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை தடை. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் வெப்ப அழுத்த அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும் என்றும் விதி. சம்பளத்துக்கு வேலை செய்வதற்கே தடையான நேரத்தில் ஒருவர் விருப்பத்துக்கு ஓடுவதைப் பற்றி என்ன சொல்ல?

ஒருவர் வெயிலிலே தடுமாறி, சொன்னது விளங்காமல் பேசத் தொடங்கினால் அது தாகமல்ல, வெப்பத்தாக்கம். வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல் உடலெங்கும் ஊற்றி, விசிறி, உதவியை அழைக்கவேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் நோயாளர் வண்டிக்கு 998, பொலிசுக்கு 999. ஓமானில் 9999. மலையிடுக்கில் கைத்தொலைபேசி வேலை செய்யாத இடங்கள் பல. ஆகவே எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அறையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

இன்னொரு சிறு விடயம். இப்பையை வேலைத்தளத்துக்கும் கட்டிப்போகலாமா என்று பலர் கேட்கின்றனர். உயரத்தில் பாதுகாப்பு வார் அணிந்து வேலை செய்பவர் கட்டக்கூடாது. வாரின் பட்டி உட்காரும் இடத்தில் இது இடைஞ்சல். தரையில் நிற்பவர்கள், காவலாளர்கள், தோட்டவேலை செய்பவர்கள் தாராளமாகக் கட்டலாம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற கேள்வியைப் பை தீர்த்துவைக்காது. அதை வேலை கொடுப்பவர்தான் தீர்க்கவேண்டும். அதைக் கேட்கும் வாய் எம்மவருக்கு அங்கே இல்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கொண்டுபோன பையை மைத்துனர் இப்பொழுது திறப்பும் கடவுச்சீட்டுப் பிரதியும் வைக்கப் பயன்படுத்துகிறார். பங்குனியில் வேறொரு பை அனுப்பினேன். துணிப்பட்டி, முன்புறம் இரண்டு அரை லீற்றர் மென்போத்தல்கள், கடித்து உறிஞ்சும் வாய். மம்சார் கடற்கரையோரமாக அதிகாலைத் தொழுகை அழைப்புக் கேட்கும் நேரத்தில் ஓடுகிறார். சென்ற கிழமை தொலைபேசியில் வந்தார்.

“அத்தான், திரும்பி வந்து பாத்தன். ஒண்டு வெறும் போத்தல். மற்றதிலை கால்வாசிதான் கிடக்கு.”

நல்லது என்றேன். அறையிலிருக்கும் மன்னார்ப் பொடியனுக்கும் ஒன்று வேண்டுமாம், இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலமாம். சில பட்டிகள் அந்த அளவுக்கு நீளாது. இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.